வில்லோபீல்டின் நாலு இரகசிய வாக்குகள்

நாலு பேர் கூடினால் நாலு மூளை வேலை செய்யும் என்று நினைக்கிறவர்கள் ஒருதரம் வில்லோபீல்டுக்கு வந்து பார்க்க வேண்டும். லண்டனின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் வட்டாரம் அது. அங்கே வைத்திலிங்கம், நேசராசா, குகதாஸ், தம்பிராசா என்று நாலு பேர் இருக்கிறார்கள். தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒருவரும் மோசமில்லை. சேர்ந்து யோசிக்கத் தொடங்கினால்தான் பிரச்சினை.

புதன்கிழமை பின்னேரங்களில் இந்த நாலு பேரும் சமூக மண்டபத்தில் கரம் போர்டு விளையாடுவார்கள். பதினொரு வருடத்தில் ஒரு புதனும் தவறியதில்லை. அப்படியிருக்க, மண்டபத்தை விற்றுவிடலாம் என்று கவுன்சிலில் பேச்சு அடிபடத் தொடங்கியது. மற்ற மூன்று பேருக்கும் அது பின்னேரம் ஒன்று வீணாய்ப் போகிற கவலை. நேசராசாவுக்கு அப்படியில்லை. மனைவி இறந்த பிறகு அந்த மனிதர் வாய் திறந்து நாலு வார்த்தை பேசுவது புதன்கிழமையில் மட்டும்தான். மற்ற ஆறு நாளும் டிவிதான் அவரோடு பேசும். மண்டபம் போனால் அவருடைய பேச்சும் போய்விடும் என்று எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் வட்டாரத்தில் கவுன்சிலர் இடம் ஒன்றுக்கு இடைத்தேர்தல் வந்தது. நாலு கட்சிகள் நின்றன. மண்டபத்தைப் பராமரிக்கும் புஷ்பராணி, இந்தக் கதையில் மூளை உள்ள ஒரே ஆள், நாலு பேரையும் கூப்பிட்டு நிறுத்தி விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணைமார், போனமுறை இங்க மூண்டே மூண்டு வாக்கிலதான் ஒராள் வெண்டது. நீங்கள் நாலு பேர். நிக்கிற கட்சியளில ஒண்டுதான் மண்டபத்தை விக்க விடமாட்டம் எண்டு எழுத்தில தந்திருக்கு. நான் கவுன்சில் சம்பளம் வாங்கிறனான், பேர் சொல்லக்கூடாது. வீட்டுக்கு வந்த நோட்டீசுகளை வாசியுங்கோ. நாலு பேரும் ஒரே ஆளுக்குப் புள்ளடி போடுங்கோ. வாக்கைச் சிதற விடாதேங்கோ."

இதைவிடத் தெளிவாக ஒருவராலும் சொல்ல முடியாது. ஆனால் மறுநாளே கவுன்சிலில் இருந்து தமிழில் ஒரு கையேடு வந்தது. அதில் பெரிய எழுத்தில், 'உங்கள் வாக்கு இரகசியமானது' என்று போட்டிருந்தது.

வைத்திலிங்கம் ஊரிலும் இங்கேயுமாக நாற்பது வருடம் தபால் கந்தோரில் வேலை செய்தவர். ஒட்டிய உறை என்றால் அவருக்கு ஒரு பக்தி. இரகசியம் என்ற சொல்லைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். உடனே கூட்டம் கூட்டப்பட்டது.

"புஷ்பராணி சொன்னபடி நாலு பேரும் ஒரே கட்சிக்குப் போடவேணும்," என்றார் அவர். "கவுன்சில் சொன்னபடி ஆருக்குப் போடுறம் எண்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. இரண்டையும் பிழையில்லாமல் செய்யவேணும்."

"அப்ப எந்தக் கட்சி எண்டு கதைக்கலாமோ?" என்று கேட்டார் குகதாஸ்.

"கதைக்கலாம். பேர் சொல்லக்கூடாது."

"நிறம்?"

"நிறமும் கூடாது."

குகதாஸ் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். "நான் நினைக்கிற கட்சியைத்தான் நீங்களும் நினைக்கிறியளோ?"

"நீர் எதை நினைக்கிறீர்?"

"அதைச் சொல்லக்கூடாதே, அண்ணை."

"சரியான பதில். அப்ப ஓம், அதைத்தான் நானும் நினைக்கிறன்."

தம்பிராசாவும் தானும் அதைத்தான் நினைப்பதாகச் சொன்னார். நேசராசா கண்ணை மூடி, நெற்றியைத் தடவி, தன்னுடையதும் அதேதான் என்று உறுதி செய்தார். இப்படி அவர்களுக்குள் ஒற்றுமை வந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. தம்பிராசா கூட்டக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, 'ஒரு கட்சிக்கு வாக்களிப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினார். பிறகு அதுவும் அதிகம் என்று பட்டதால் 'ஒரு கட்சிக்கு' என்பதை வெட்டிவிட்டார்.

எந்தக் கட்சி மண்டபத்தைக் காப்பாற்றுவதாக எழுதியிருந்தது என்று நீங்கள் கேட்கலாம். நான் சொல்லமாட்டேன். எனக்கும் அங்கே ஒரு வாக்கு இருக்கிறது.

நோட்டீசுகளை வாசிக்கும் வேலை தொடங்கியது. தம்பிராசா குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு வாசித்தார். ஒன்றேகால் மணித்தியாலம் ஆகியும் வெளியே வராததால் மனைவி பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணப் போய்விட்டார். ஒரு நோட்டீசைத் தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்ததில் அது மட்டும் கசங்கிப்போனதைத் தம்பிராசா பிறகுதான் கவனித்தார். கண்டவர்கள் விளங்கிக்கொள்வார்கள் அல்லவா? மற்ற மூன்றையும் எடுத்து அதே அளவுக்குக் கசக்கி வைத்தார்.

குகதாஸ் வீட்டுக் கதவைத்தான் வேட்பாளர்கள் முதலில் தட்டினார்கள். ஒருவருக்கும் கூடக்குறைய உபசாரம் செய்துவிடக்கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். முதலாவதாக வந்தவருக்குச் சீனி போட்ட பால்தேத்தண்ணியும் இரண்டு வடையும் கொடுத்தார். இரண்டாவதாக வந்தவருக்கும் அதேதான். மூன்றாவதாக வந்தவர் தனக்கு நீரிழிவு, சீனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குகதாஸுக்கு அன்றைக்கு நித்திரை இல்லை. விடிந்ததும் சீனி போடாத தேத்தண்ணியை இரண்டு பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு முன்னைய இரண்டு வேட்பாளர்களின் அலுவலகங்களுக்கும் போய், குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார். நாலாவது வேட்பாளருக்கு இரண்டு விதத் தேத்தண்ணியையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். உங்கள் ஆதரவை நம்பலாமா என்று நாலு வேட்பாளர்களும் கேட்டார்கள். நாலு பேருக்கும் தேத்தண்ணி ஆறப்போகிறது என்ற ஒரே பதில்தான்.

வாக்களிக்கிற நாள் நெருங்கியபோது இன்னொரு சங்கடம் வந்தது. இந்த நாட்டில் இப்போது படம் உள்ள அடையாள அட்டை இல்லாமல் வாக்குச்சீட்டுத் தரமாட்டார்கள். படத்தில் இருக்கிற ஆளும் வந்து நிற்கிற ஆளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. நாலு பேரும் கடவுச்சீட்டைத் திறந்து பார்த்துத் திகைத்துப்போனார்கள்.

குகதாஸின் படத்தில் மீசை இருந்தது, முகத்தில் இல்லை. வைத்திலிங்கத்தின் படம் தடித்த குளிர்கோட்டோடு இருந்தது. நேசராசாவின் படத்தில் மூக்குக்கண்ணாடி இல்லை. கண்ணாடி இல்லாவிட்டால் நேசராசாவுக்கு எதிரே வருவது பஸ்ஸா வீடா என்று தெரியாது. தம்பிராசாவின் படத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நாலு படங்களிலும் ஒருவரும் சிரிக்கவில்லை என்பதை அவர்தான் கண்டுபிடித்தார்.

ஆகவே வியாழக்கிழமை காலை, மழை தூறிக்கொண்டிருக்க, நாலு பேரும் புறப்பட்டார்கள். வைத்திலிங்கம் மே மாதத்தில் குளிர்கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு முன்னால் போனார். குகதாஸ் மனைவியின் கண்மையால் மீசை வரைந்திருந்தார். சேர்ந்து போனால் ஒரே கட்சி என்று தெரிந்துவிடும் என்பதால் பத்தடி இடைவெளி விட்டு நடப்பதென்று பேச்சு. நேசராசாவுக்குக் கண் தெரியாததால் அவர் மட்டும் தம்பிராசாவின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. வழியில் கண்டவர்கள் எங்கோ செத்தவீட்டுக்குப் போகிறார்கள் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பள்ளிக்கூட மண்டபத்தில்தான் வாக்களிப்பு. நான் வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளை சிரித்து வணக்கம் சொன்னது. நாலு பேரும் கல்லுப்போல நின்றார்கள். மழையில் குகதாஸின் மீசை கரைந்து நாடி வரை இறங்கியிருந்தது. அந்தப் பிள்ளை படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மீசை கட்டாயமில்லை என்று பணிவாகச் சொன்னது. படத்தில் இருக்கிறதே என்று அவர் அதைவிடப் பணிவாகச் சொன்னார்.

வைத்திலிங்கம் புள்ளடி போட்ட சீட்டைத் தீப்பெட்டி அளவுக்கு மடித்துக்கொண்டு வந்து, முத்திரை வைக்க அரக்கு இருக்கிறதா என்று கேட்டார். அரக்கு இல்லை என்றதும் அவருக்கு இந்த நாட்டு நிர்வாகத்தின் மேல் இருந்த மதிப்பே போய்விட்டது. தம்பிராசா ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்பதைக் கடைசிவரை கடைப்பிடித்தார். தனக்கும் தெரியக்கூடாது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு புள்ளடி போட்டார்.

நேசராசாதான் அதிக நேரம் எடுத்தார். பேர்களை வாசித்துக் காட்டட்டுமா என்று பொறுப்பதிகாரி கேட்டதற்கு, இரகசியம் என்று சொல்லி மறுத்துவிட்டார். மேலிருந்து எத்தனையாவது பேர் என்று வீட்டிலேயே எண்ணி மனப்பாடம் செய்து வந்திருந்தாராம். சீட்டை மூக்கில் முட்டும்படி பிடித்து, விரலால் தடவித் தடவி எண்ணினார். அவருடைய புதன்கிழமைகள் எல்லாம் அந்தப் பென்சில் நுனியில்தான் இருந்தன. சீட்டை நேராகப் பிடித்திருந்தாரா தலைகீழாகப் பிடித்திருந்தாரா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மறுநாள் முடிவு வந்தது. மண்டபத்தைக் காப்பாற்றுவதாக எழுதித் தந்த கட்சியின் வேட்பாளரான அம்மா இரண்டே இரண்டு வாக்கில் வென்றார். அந்த ஓர் இடத்தால் கவுன்சிலில் பெரும்பான்மை மாற, சில நாளிலேயே விற்பனைப் பேச்சு நிறுத்தப்பட்டது. புஷ்பராணி அழுதே விட்டார். புதன்கிழமை பின்னேரம் ஹீட்டரைப் போட்டு, ஒரு தட்டு மட்டன் ரோல்ஸ் பொரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஐந்து மணியாயிற்று, ஐந்தரையாயிற்று, ஒருவரும் வரவில்லை. மனம் கேட்காமல் வெளியே வந்து பார்த்தார்.

மண்டப வாசலுக்கு முன்னால், நடைபாதையில், இரண்டு குப்பைத் தொட்டிகளுக்கு மேலே கரம் போர்டை வைத்து நாலு பேரும் குடையைப் பிடித்தபடி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன இது? உள்ளுக்கு வாங்கோவன்," என்றார் புஷ்பராணி.

"ஏலாது, தங்கச்சி," என்றார் வைத்திலிங்கம். "இந்த மண்டபம் திறந்திருக்கிறது வெண்ட ஆளாலதான். நாங்கள் சந்தோசமா உள்ளுக்கு வந்து இருந்தா, ஆருக்குப் போட்டனாங்கள் எண்டு ஊருக்கே விளங்கிப் போயிடும்."

"அப்ப எவ்வளவு காலத்துக்கு இப்பிடி?"

"அடுத்த தேர்தல் வரும்வரைக்கும்."

புஷ்பராணி ரோல்ஸ் தட்டை வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நேசராசா மட்டும் முன்னைவிட அதிகமாகப் பேசினார். தெருவில் வாகனச் சத்தம் அதிகம் என்பதால் கத்திப் பேச வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதைக் கேட்க எனக்குச் சந்தோசமாகவே இருந்தது.

ஆனால் மூன்று புதன் போனதும் போர்டில் போட்ட பவுடர் எல்லாம் மழையில் களியாகி, காய் ஒன்றும் நகராமல் போயிற்று. திரும்பவும் கூட்டம் கூட்டினார்கள். மண்டபத்துக்கு முன்னால் நடைபாதைக்குக் கூரை போட்டுத் தரும்படி கவுன்சிலுக்கு எழுதுவதென்று தீர்மானம். மழைக்குள் நின்று கரம் விளையாடும் நாலு பெரியவர்களின் கஷ்டத்தைக் குகதாஸ் அழகான ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினார். கையெழுத்துப் போட்டால் யார் எழுதியது என்று தெரிந்துவிடும் என்பதால் பேரும் இல்லை, விலாசமும் இல்லை. வைத்திலிங்கம் தன் கையாலேயே உறையை ஒட்டித் தபாலில் போட்டார்.

அடுத்த புதன்கிழமை, கொட்டுகிற மழையில், வென்ற அம்மா தானே நேரில் வந்துவிட்டார். கையில் அந்தக் கடிதம். இந்த மண்டப வாசலில் மழைக்குள் நின்று கரம் விளையாடும் நாலு பெரியவர்களைத் தேடி வந்திருப்பதாகவும், அவர்களுக்கு எப்படியாவது உதவி செய்ய விரும்புவதாகவும், யாரென்று தெரியுமா என்றும் இவர்களிடமே விசாரித்தார்.

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குகதாஸ் குடையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார். நேசராசா குறிபார்த்த ஸ்ட்ரைக்கரில் இருந்து விரலை எடுக்கவில்லை.

"அப்பிடி ஒருத்தரையும் நாங்கள் இந்தப் பக்கம் காணேல்லை," என்று வைத்திலிங்கம் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லிவிட்டு, போர்டில் வெளிச்சம் விழவில்லை, கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று கேட்டார்.

அந்த அம்மா மன்னிப்புக் கேட்டு விலகி, அவர்களுக்கு நன்றியும் சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் தேடப் போனார்.