வாலோரத்துப் புள்ளி

வால்மீனை முதலில் பார்த்தவர் பெயரையே அதற்கு வைப்பார்கள். ஐஸ் கம்பெனியில் வேலை செய்யும் சூசையம்மாள் புதிதாக ஒன்றைப் பார்த்து வரைந்தாள். சரிபார்க்கச் சொல்லி வானியல் சங்கத் தலைவர் வரகுணராசனிடம் ஜெராக்ஸ் கொடுத்தாள். அவரோ அதைப் பார்த்து வரைந்து, தன் கண்டுபிடிப்பு என்று சங்கக் கூட்டத்தில் சுவரில் மாட்டிவிட்டார்.

“அது நான் பாத்தது சார்,” என்று எழுந்தாள்.

“அப்படின்னா இப்பவே நிரூபி. இல்லேன்னா சங்கத்தை விட்டுப் போ.”

வெளியே அடைமழை. வால்மீனை எங்கே போய்க் காட்டுவது?

“உங்க படத்துல வாலோரம் ஒரு புள்ளி இருக்கே சார், அதையும் நீங்களேதான் பாத்தீங்களா?”

“என் தொலைநோக்கியிலே தெளிவாப் பாத்தேன். அது புது விண்மீன்.”

சூசையம்மாள் தன் அசல் தாளை மேஜையில் விரித்தாள். அதில் புள்ளி மஞ்சளாக, எண்ணெய் கசிந்து கிடந்தது.

“விண்மீன் இல்ல சார். மீன் குழம்பு.”