கயல் சொன்ன வேண்டாமும் செண்பகவல்லி சொன்ன வேண்டாமும்

அநியாயம் நடந்தது செண்பகவல்லிக்கு. அவள் பேசிய பேச்சையே சுருட்டி அவள் வாயில் திணிக்கப் பார்த்தார்கள். அதுவும் எதை வைத்து? ஒரு டிவி சீரியலை வைத்து!

கோவையில் பம்ப் செட் செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் டிசைன் என்ஜினியர். அவளுடைய மேனேஜர் ஜெயச்சந்திரன். அந்த ஆபீஸ் மொத்தமும் அப்போது ஒரு போலீஸ் சீரியலில் விழுந்து கிடந்தது. இன்ஸ்பெக்டர் ருத்ரன், அவனுக்குக் கீழே எஸ்.ஐ. கயல். வாரம் ஒரு கொலை விழும். கொன்றது யார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ருத்ரனுக்குக் கயல் எப்போது தலையாட்டுவாள் என்பதுதான் கேன்டீன் முழுக்கப் பேச்சு. இரண்டு பெயரையும் ஒட்டி 'ருத்கயல்' என்று வாட்ஸப் குரூப் வேறு.

செண்பகவல்லிக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "எல்லா டியூட்டியிலயும் அவளையே கூடப் போட்டுக்கறான். அவ வேண்டாம்னு சொல்லிட்டா. அப்புறமும் விடாம துரத்தறான். இதுக்குப் பேரு காதலா?"

"உனக்கு வயித்தெரிச்சல்டி," என்பாள் பக்கத்து சீட்டு சுகந்தி. "அவ கண்ணைப் பாரு. வேண்டாம்னா சொல்லுது?"

"கண்ணு எங்கடி சொல்லுது? கேமராமேன் சொல்றான்."

ஆயுத பூஜை அன்று ஆபீஸில் பட்டிமன்றம் வைத்தார்கள். ருத்ரனிடம் இருப்பது காதலா, அதிகாரமா? யார் எந்தப் பக்கம் என்பதற்குச் சீட்டுக் குலுக்கினார்கள். செண்பகவல்லிக்கு வந்தது 'காதல்'. ஜெயச்சந்திரனுக்கு வந்தது 'அதிகாரம்'. "மாத்திக்கலாமே" என்று அவள் கேட்டதற்கு, "சீட்டுன்னா சீட்டுதாம்மா" என்று சிரித்துவிட்டார்கள்.

வாதம் என்றால் அவளுக்கு உயிர். கிடைத்த பக்கத்துக்காகக் கொட்டித் தீர்த்தாள். "கயல் வேண்டாம் என்றது ஊருக்காக! அந்த வேண்டாமுக்குள் ஒளிந்திருந்த சம்மதத்தைக் கண்டுபிடித்தானே ருத்ரன், அவனல்லவா காதலன்!" கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. எதிர்ப்பக்கம் எழுந்த ஜெயச்சந்திரனும் லேசுப்பட்டவர் இல்லை. "சம்பள உயர்வுக்குக் கையெழுத்துப் போடுகிற கை, காதலையும் நீட்டலாமா? அவள் எப்படி மறுப்பாள்?" என்று கேட்டார். பரிசு செண்பகவல்லிக்கு.

தீபாவளி கழிந்தது. ஜெயச்சந்திரன் வெளியூர் வேலைக்கெல்லாம் அவளையே போட ஆரம்பித்தார். பொள்ளாச்சியோ உடுமலையோ, அவருடைய காரில், இருவர் மட்டும். ஒருநாள் திரும்பும் வழியில், "உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார்.

"வேண்டாம் சார். எனக்கு அப்படி எந்த எண்ணமும் இல்லை. இனிமே இதைப் பேசாதீங்க."

இதைவிடத் தெளிவாகத் தமிழில் சொல்ல முடியுமா? அடுத்த வாரம் மறுபடியும் கேட்டார். மறுபடியும் வேண்டாம் என்றாள். அதற்கும் அடுத்த வாரம் அவருடன் காரில் போகிறவர் பட்டியலில் மறுபடியும் அவள் பெயர்தான். அன்றைக்கு அவள் காரில் ஏறவில்லை. நேராகப் போய்க் கம்பெனியின் புகார்க் குழுவிடம் சொன்னாள். புகார் நிரூபணமானால் அவளுக்கு வேறு பிரிவு கிடைக்கும். தள்ளுபடியானால் அதே மனிதருக்குக் கீழே போய் உட்கார வேண்டும், இல்லை வேலையை விட வேண்டும்.

விசாரணையில் ஜெயச்சந்திரன் அசரவில்லை. செல்போனை எடுத்துப் பட்டிமன்ற வீடியோவைப் போட்டார். வேண்டாமுக்குள் ஒளிந்திருந்த சம்மதம், கைதட்டல், எல்லாம் கேட்டது. "அவங்க மனசு இதுதான்னு நான் நினைச்சேன். என் மேல என்னங்க தப்பு?"



குழுவில் மூன்று பேர். பர்சனல் மேனேஜர் சரளா சொன்னார்: "மனசில் இல்லாதது இவ்வளவு உணர்ச்சியாக வாயில் வருமா? இவள் பேச்சைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்." வெளியிலிருந்து வந்திருந்த வக்கீல் நஸ்ரீன் குறுக்கிட்டார்: "அப்படியானால் இவர் பேச்சையும் எடுங்கள். மேலதிகாரி கேட்கக்கூடாது என்று தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறார்." தொழிற்சாலை மேலாளர் கந்தப்பன் கையை விரித்தார்: "சீட்டுக் குலுக்கிப் பேசினது. ரெண்டு பேச்சையும் தூக்கிப் போடுங்க. மிச்சம் என்ன இருக்கு? இவர் ஒண்ணு சொல்றார், இந்தப் பொண்ணு ஒண்ணு சொல்லுது. ஆதாரம் இல்லை."

வாசிக்கிறவர்களே, நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால்? மூவரில் யார் சொன்னது சரி?

கந்தப்பன் என்பீர்கள். பாதிதான் சரி. பேச்சுகளைத் தூக்கிப் போட்டது நியாயம். ஆதாரம் இல்லை என்றாரே, அதுதான் அபத்தம். "அவங்க மனசு இதுதான்னு நினைச்சேன்" என்று ஜெயச்சந்திரன் சொன்னாரே, அவள் மறுத்ததை அவர் மறுக்கவே இல்லை! மறுத்தாள், நான் வேறாக எடுத்துக்கொண்டேன் என்பதுதான் அவர் வாக்குமூலம். ஆயுத பூஜையன்று அவள் நெஞ்சிலிருந்தே பேசியிருந்தாலும் என்ன? தீபாவளிக்குப் பிறகு அவர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்றாளே, அதோடு எல்லாம் முடிந்தது. கயலின் வேண்டாமுக்கு என்ன அர்த்தம் என்பதைக் கதை எழுதுகிறவர் முடிவு செய்யலாம். செண்பகவல்லியின் வேண்டாமுக்கு வேறு யாரும் அர்த்தம் எழுத முடியாது. மூவருமே பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரளா கடைசியாக அவளிடமே கேட்டார். "அப்ப மேடையில நீ பேசினது பொய்யாம்மா?"

செண்பகவல்லி எழுந்து நின்றாள்.

"பொய்தான் மேடம். மேடையில பொய் சொன்னேன், எல்லாரும் நம்பிக் கை தட்டினீங்க. கார்ல உண்மையைச் சொன்னேன், ஆதாரம் கேக்கறீங்க."