வித்தகன் தின்னாத இலை

பெருங்குளத்துக் காட்டில் இரண்டு வருஷமாகச் சோளம் விளையவில்லை. விதைத்ததை எல்லாம் புழு தின்று தீர்த்தது. கிளிகளுக்குத் தானியம் இல்லை. முயல்களுக்குத் தழை இல்லை.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது வித்தகன் என்ற மரநாய்.

"புழு அண்டாத சோளம்! விதைக்குள்ளேயே வேலை செஞ்சு வச்சிருக்கேன். போட்டுப் பாருங்க!"

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிய தீனி எதைக் கொண்டுவந்தாலும், கொண்டுவந்தவர்தான் எல்லோர் முன்னாலும் முதல் கவளம் தின்ன வேண்டும். வித்தகன் தயங்கவே இல்லை. ஒரு பிடி தானியத்தை வாயில் போட்டு, மென்று விழுங்கி, வயிற்றைத் தட்டிக் காட்டியது.

எல்லோரும் கைதட்டினார்கள். எந்தப் புத்திசாலிக்கும் அதற்கு மேல் ஒரு கேள்வி தோன்றவில்லை! குளக்கரை முழுக்க அந்த விதையையே விதைத்தார்கள்.

வித்தகன் மட்டும் பெரிய பாறைக்குப் பின்னால் தனியாக ஒரு பாத்தி வைத்திருந்தது. சுற்றிலும் முள்வேலி. காவலுக்குக் கூரன் என்ற முள்ளம்பன்றி.

"உள்ளே என்ன?" என்று யாராவது கேட்டால், "தொழில் ரகசியம்!" என்று வித்தகன் சிரிக்கும்.

பயிர் முழங்கால் உயரம் வந்தது. ஒரு புழுகூட இல்லை. மறுநாள் பயிர் கலைக்கும் நாள். நெருக்கமாக முளைத்ததைப் பிடுங்கி, தழை தின்பவர்கள் எல்லோரும் பங்கு போட்டுத் தின்பார்கள். காடே நாக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

கலைக்கும் நாளுக்கு முதல் நாளான அன்று காலை, தும்பை என்ற முயலின் கடைக்குட்டி கடுகு எழுந்திருக்கவில்லை. வயிறு உப்பிக் கல்லாகியிருந்தது.

"என்னடா தின்னே?" என்று பதறினாள் தும்பை.

"ஒரே ஒரு சோள இலைம்மா…"

தும்பை மற்ற மூன்று குட்டிகளையும் வளைக்குள் தள்ளிவிட்டு வித்தகனிடம் ஓடினாள்.

"அண்ணே, உங்க சோள இலையைத் தின்னு என் பிள்ளை சாகக் கிடக்குது!"

"வெயில் ஒத்துக்கலையோ என்னவோ! நானே தின்னேனே, நீயும் பார்த்தியே?"

பார்த்தாள்தான். ஆனால் வித்தகன் என்ன தின்றது? தும்பை அங்கேயே நின்று யோசித்தாள். பிறகு நேராகக் காட்டின் தலைவி, காட்டெருமை கருமாயியிடம் போனாள். கருமாயி ஒரு முழக்கம் போட்டதும் காடு முழுக்கக் கூடிவிட்டது.

"வித்தகன் அண்ணே அன்னிக்குத் தின்னது தானியம். எங்க வீட்டுல தானியம் யாரு தின்னா? நாங்க தின்னறது இலை. இப்ப ஒரு இலை தின்னு காட்டட்டும்!" என்றாள் தும்பை.

"இலை தின்னற பிராணியா நான்?" என்றது வித்தகன்.

"அதுவும் நியாயம்தானே!" என்றன கிளிகள். அவற்றுக்கு என்ன, தானியம் வந்தால் போதும்.

"அப்ப பாறைக்குப் பின்னால வேலி போட்டு வளர்க்கிறீங்களே, அந்த இலையை யாரு தின்னு பார்த்தா?" என்று கேட்டாள் தும்பை.

வித்தகன் கூரனை முறைத்தது. கூரன் தலையைக் குனிந்துகொண்டது.

கருமாயி பேச்சை வளர்க்கவில்லை. போய் ஒரே முட்டு முட்டினாள். முள்வேலி சரிந்தது. பாறையின் மறுபக்கத்தில் நகத்தால் கீறிய கோடுகள் ஏழு. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு வட்டம்.

"இது என்ன கணக்கு?"

கூரன் அழுதுவிட்டது. "ஆத்தா, நான்தான் இலை தின்னேன். ஒரு தடவைக்கு ஒரு கோடு. வயிறு உப்பினா ஒரு வட்டம். ஏழு தடவையும் உப்பிச்சு! வெளியே சொன்னா வேலை போயிடும்னாரு. ஒவ்வொரு தடவையும் ஓமவல்லித் தழையைக் கொடுத்துத்தான் என்னை எழுப்பி விட்டாரு."

"ஓமவல்லியா!"

மீதி விசாரணையைக் கேட்கத் தும்பை அங்கே இல்லை. ஓடையோரத்து ஓமவல்லியை வாய் நிறையப் பறித்துக்கொண்டு பறந்தாள். மென்று சாற்றைக் கடுகின் வாயில் விட்டாள். உச்சி வெயில் சாயும் நேரத்தில் கடுகு ஒரு பெரிய குசு விட்டான். மூன்று குட்டிகளும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடின. தும்பை மட்டும் அவனைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது.

பாறையடியில் வித்தகன் முனகியது: "சொன்னா ஒருத்தரும் விதைக்க மாட்டீங்கன்னு பயந்தேன்."

"'தானியம் நல்லது, இலையைத் தொடாதீங்க, தொட்டா ஓமவல்லி கொடுங்க'ன்னு மூணு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே விதைச்சிருப்போமே! நாளைக்கு நாலு வீட்டுல பிள்ளை செத்திருந்தா நீயா பதில் சொல்லுவே?" என்று சீறினாள் கருமாயி.

அன்றே தழை தின்பவர்கள் எல்லோருக்கும் செய்தி போனது. பயிரைச் சுற்றி வேலி வந்தது. விளைந்த தானியம் கிளிகளுக்கு என்று முடிவானது. முயல்களுக்குப் புல் தேடித் தரும் வேலை, பயிர் அறுக்கும்வரை வித்தகன் தலையில் விழுந்தது. இனி சோதனைப் பாத்தி எதுவானாலும் குளக்கரையில், எல்லோர் கண்ணிலும் படும்படிதான் இருக்க வேண்டும் என்றும் கருமாயி சொல்லிவிட்டாள். மறுநாள் குட்டிகள் பயமில்லாமல் கரையில் விளையாடின.

தான் விற்கும் பொருளின் கெடுதலைத் தெரிந்தே மறைக்கிறவர், அதிலிருந்து உயிர் பிழைக்கும் வழியையும் சேர்த்தே மறைக்கிறார். ஆகவே விற்பவர் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், வாங்குபவர் கேட்காமல் விடக் கூடாது.