மாமரம் வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் மரங்களுக்கும் வாய் இருந்தது. கேட்டால் பதில் சொல்லும், கேட்காவிட்டாலும் சொல்லும். குருவம்மைக்குப் பிள்ளை இல்லை. கொல்லையில் கொட்டை ஊன்றி வளர்த்த மாமரத்தைத்தான் மகளே என்று கூப்பிடுவாள். அதுவும் நாள் முழுக்க அம்மா அம்மா என்று அவள் பிராணனை வாங்கும். அந்தச் சத்தம் கேட்காமல் அவளுக்குப் பொழுது விடியாது.

ஒரு மழைக்காலத்தில் அதன் இலைகளில் கறுப்பாகப் புள்ளிகள் விழுந்தன. பொட்டு வைத்த மாதிரி இருக்கிறதென்று இருவரும் சிரித்துக்கொண்டார்கள். புள்ளி பரவி, இலைகள் உதிரத் தொடங்கியதும்தான் குருவம்மை சிரிப்பை நிறுத்தினாள்.

கிளையில் கூடு கட்டியிருந்த தையல்சிட்டு அவளைக் கூப்பிட்டுச் சொன்னது. "நோவு உதிர்ந்த இலையிலதான் படுத்திருக்கு, தாயி. மழைத்துளி தெறிச்சா திரும்ப மேல ஏறிரும். கூட்டி அள்ளித் தீ வச்சிரு. தண்ணிய வேர்ல மட்டும் ஊத்து."

அவள் விளக்குமாற்றை எடுத்தாள். மரம் அழுதது.

"அதெல்லாம் நான் பெத்த பிள்ளைகம்மா. என் காலடியிலயே கிடக்கட்டும்."

பெறாதவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? மனசு கேட்கவில்லை. உதிர்ந்ததையெல்லாம் அடிமரத்தைச் சுற்றி மெத்தையாகக் குவித்தாள். சிட்டுக்கு என்ன தெரியும், இது அம்மைதான் என்று தானே முடிவு கட்டிக்கொண்டாள். அம்மை கண்ட பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுவதுபோல, ஏணி போட்டு ஏறி, மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீரை உச்சியிலிருந்து குடம் குடமாக ஊற்றினாள். தண்ணீர் இறங்கிய வழியெல்லாம் நோவும் கூடவே பரவியது. கீழே கிடந்ததோ ஒவ்வொரு மழைக்கும் மேலே ஏறியது.

தை பிறப்பதற்குள் மரத்தில் ஓர் இலைகூட இல்லை. நுனிக் கிளைகள் கருகின. அப்போதுதான் அவள் இலைகளைக் கூட்டித் தீ வைத்தாள். புகைக்கு நடுவே மரம் மெல்லக் கேட்டது.

"நான் அழுதா அழுதுட்டுப் போறேன். நீயாவது அதைக் கேக்காம இருந்திருக்கலாமேம்மா."

அதற்குப் பிறகு அது பேசவே இல்லை. கோடையில் ஒரே ஒரு துளிர் விட்டது. குருவம்மை சாகும்வரை மகளே, மகளே என்று கூப்பிட்டுப் பார்த்தாள். நடந்ததைப் பார்த்திருந்த மற்ற மரங்களும் பேச்சை விட்டன.

அன்று முதல்தான் மரங்கள் நோவு வந்தால் இலையில் புள்ளி வைத்துக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கின்றன. உதிர்ந்ததைக் கூட்டி எரிக்கும்போது, வேண்டாம் என்று ஒரு மரமும் சொல்வதில்லை.