ஒன்பதாம் நம்பர்

பெருமாள்சாமிக்கு ஐம்பத்து நான்கு வயது. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். ஊர்க் கூடைப்பந்து அணிக்கு லீக் ஆட்டம் என்றால் அன்று கடை ஷட்டர் இறங்கிவிடும். கேலரியில் அவர் குரல் தனியாகக் கேட்கும். நடுவருக்குக் கண் தெரிகிறதா என்று அவர் கேட்காத ஆட்டமே கிடையாது.

சட்டம் தெரிந்துகொண்டு திட்டினால் இன்னும் நன்றாகத் திட்டலாமே என்று நினைத்தாரோ என்னவோ, இந்த வருடம் ஃபிலோமினா டீச்சரின் ஞாயிற்றுக்கிழமை நடுவர் வகுப்பில் சேர்ந்தார். டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். முழங்கால் போனதும் ஆடுகளத்தை விட்டுவிட்டு நடுவர்களைப் பழக்க வந்தவர். அதிகம் பேச மாட்டார்.

அரையிறுதியில் ஊர் அணி தோற்றது. அடுத்த ஞாயிறு பெருமாள்சாமி ஒரு மனுவோடு வந்து நின்றார். கீழே ரசிகர்களின் கையெழுத்து மூன்று பக்கம்.

"அரையிறுதிக்கு ஊதின டேவிட் செல்வினுக்கு இனி விசிலே தரக்கூடாதுங்க டீச்சர். நடுவர் குழுவுல இருக்கற நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டா அவன் கதை முடிஞ்சுது."

"என்ன செஞ்சார்?"

"நம்ம கேப்டன் துரைக்கண்ணன், அம்மாவை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்து ஆடுறான். ஏற்கெனவே நாலு ஃபவுல். கை லேசாப் பட்டுச்சு. உடனே ஊதி, அஞ்சு ஃபவுல் ஆச்சுன்னு வெளிய அனுப்பிட்டான். கடைசி நிமிசத்துல அவங்க ஒன்பதாம் நம்பர். அவனுக்கும் நாலு. அதே அடி. இவன் பாத்துட்டே நிக்கறான், ஊதலை. ஆளுக்கு ஒரு சட்டமா? வயிறு எரியுதுங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஊரே அதை வீடியோவில் பார்த்தது.

"நானும் பார்த்தேன். தப்புதான்," என்றார் டீச்சர். மனுவைப் படித்து மடித்து வைத்துக்கொண்டார். பெட்டியிலிருந்து ஒரு விசிலை எடுத்து நீட்டினார்.

"இன்னிக்கு ரெண்டு காலேஜோட பொண்ணுங்க டீம் மோதுது. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கறவங்க வந்திருக்காங்க. நீங்க ஊதுங்கண்ணா."

"நானுங்களா?"

"எல்லாருக்கும் ஒரே சட்டம். அவ்வளவுதானே?"

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் பிரமாதமாக ஊதினார். கை பட்டால் விசில். யார் முகத்தையும் பார்க்கவில்லை. நீலச் சட்டை அணியில் உயரமான பெண் ஒருத்திக்கு இடைவேளைக்குள் நான்கு ஃபவுல் கொடுத்துவிட்டார்.

இடைவேளையில் தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் அந்தப் பெண் நின்றிருந்தாள்.

"சார், என் பேரு மகிழ்நிலா. இன்னிக்கு என்னை எடுத்தாத்தான் வீட்ல கல்யாணத்தைத் தள்ளிப் போடுவாங்க. பாத்து ஆடிக்கறேன் சார்."

"பாத்து ஆடும்மா," என்றார் பெருமாள்சாமி.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். நீலம் ஒரு புள்ளி முன்னால். மஞ்சள் சட்டையில் ஒரு குட்டையான பெண் பந்தை எறிய எம்பினாள். மகிழ்நிலாவின் கை அவள் மணிக்கட்டில் விழுந்தது. சத்தம் வேலிவரை கேட்டது. பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது.

விசில் பெருமாள்சாமியின் பல்லிடுக்கில் இருந்தது. ஊதவில்லை.

"யோவ், கண்ணு தெரியுதா இல்லையா?" வேலிக்கு வெளியிலிருந்து மஞ்சள் அணியின் பஸ் டிரைவர் கத்தினார்.

நீலம் ஒரு புள்ளியில் ஜெயித்தது. பெருமாள்சாமி சட்டை நனைந்து டீச்சரிடம் வந்தார்.

"பாத்தேனுங்க டீச்சர். நல்லாப் பாத்தேன். மூச்சு வரலை. ஊதியிருந்தா அந்தப் புள்ளை வெளிய போயிருக்கும். அது வீட்ல..." கல்யாணக் கதையை முழுக்கச் சொன்னார். டீச்சர் முழுக்கக் கேட்டார்.

"அப்ப, டேவிட் செல்வினை விட்டுடச் சொல்றீங்களா டீச்சர்?"

"இல்லண்ணா. அடி அடிதான்."

குழாயடியில் மஞ்சள் சட்டைப் பெண் மணிக்கட்டைத் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றாள். அவளும் தேர்வுக்குத்தான் வந்தவள். அழுதுகொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன?"

பெருமாள்சாமி அவள் முதுகைப் பார்த்தார். ஆறு என்று இருந்தது.

"தெரியலைங்க."

டீச்சர் மனுவை விரித்தார். துரைக்கண்ணன் பெயர் ஐந்து இடத்தில் இருந்தது. ஒன்பதாம் நம்பர் என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"இவன் பேரு?"

அதுவும் தெரியவில்லை.

"டேவிட் செல்வினைக் கூப்பிட்டு விசாரிச்சேன். இந்த ஒன்பதாம் நம்பரோட பேரு, ஊரு, தங்கச்சி படிப்பு எல்லாம் சொன்னார். துரைக்கண்ணனோட அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு அவருக்குத் தெரியாது."

பெருமாள்சாமி மறுபடி குழாயடியைப் பார்த்தார். கழுத்தில் விசில் தொங்கியது.

டீச்சர் பேனாவைத் திறந்தார்.

"போய் அந்தப் பொண்ணு பேரைக் கேட்டுட்டு வாங்க. இன்னிக்கு நடந்ததையும் இதுல எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."