பீரோவுக்குள் பூட்டிய வைஃபை

மதுரையில் ரிட்டயரான தாசில்தார் ஞானசிகாமணிக்கு ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரன் தன் வைஃபையைத் திருடுகிறானாம். விடுவாரா மனுஷன்? இரும்பு பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு, வயரை உள்ளே விட்டு, ரவுட்டரை நகைநட்டோடு வைத்துப் பூட்டிவிட்டார்.

மறுநாள் காலை லேப்டாப்பில் நெட் செத்துக் கிடந்தது. பத்து மணிக்கோ பழைய சகாக்களோடு வீடியோ மீட்டிங்.

பழி, வீடு துடைக்கும் பவளக்கொடி தலையில் விழுந்தது.

"ஈரத்துணியால எதையோ இழுத்துவிட்டுட்டே! பத்து மணிக்குள்ள நெட்டு வரணும். இல்லேன்னா நாளையிலருந்து வேலைக்கு வராதே!"

"சரிங்க சார். பீரோ சாவியைக் குடுங்க."

"அது எதுக்கு?"

"நெட்டை உள்ளே வச்சுப் பூட்டிட்டு வெளியில தேடினா எப்படிக் கிடைக்கும்?"

திறந்தாள். வந்தது. லேப்டாப்பில் இருபது தலைகள் வரிசையாக முளைத்தன.

"என்னய்யா இவ்வளவு லேட்டு?" என்றது ஒரு தலை.

தாசில்தார் மீசையை நீவினார். "நெட்டுல ஒரு கோளாறு. வீட்டுல ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியலை. கடைசியில நானேதான் மூளையைக் கசக்கி..."

பவளக்கொடி தரையைத் துடைத்தபடியே வந்து, பீரோ கதவை மெல்லச் சாத்தினாள். இருபது தலைகளும் திறந்த வாய் மூடாமல் அப்படியே நின்றுபோயின.

தாசில்தார் திரும்பிப் பார்த்தார். அவள் கை இன்னும் கதவின் மேலேயே இருந்தது.

"யாரு சரி பண்ணதுன்னு சொன்னீங்க சார்?"

"நீதாம்மா."

"அது எனக்குத் தெரியும் சார். அவங்களுக்குத்தான் தெரியாது" என்று கதவை விரியத் திறந்தாள் பவளக்கொடி.