இன்னும் நேரம் வரவில்லை, மன்னா

செக்கு வைத்து எண்ணெய் விற்ற சாத்தன் தன் அண்ணனைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அண்ணன் அன்றைய நான்காம் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தார். "வா தம்பி, மணி அடித்துவிட்டது, உட்கார்," என்றார். அதைச் சொல்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. ஐந்தாம் மணிக்கு அவர் எழவில்லை.

கேளுங்கள், இது நம் பாட்டன்களின் பாட்டன்களுக்கும் முந்திய காலம். மருதங்காட்டு நாட்டில் பெரும் பஞ்சம் வந்து தீர்ந்தது. "இனி என் மக்கள் பசியே அறியக் கூடாது" என்று அந்நாட்டு அரசன் சபதம் செய்தான். அன்று முதல் நாளுக்கு ஐந்து முறை அரண்மனை மணி அடித்தது. அடித்தால் எல்லோரும் உண்ண வேண்டும். உண்ட இலையை வாசலில் போட வேண்டும். காவலர் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

அன்பில் பிறந்த வழக்கம், அரசனின் பேரன் காலத்தில் சட்டமாகிவிட்டது. பசித்தவனும் உண்டான், பசிக்காதவனும் உண்டான், படுத்த படுக்கையாய்க் கிடந்தவனும் உண்டான்.

அண்ணனைப் போலவே சாத்தனுக்கும் கால் வீங்கியது. நாலு படி ஏறினால் மூச்சு முட்டியது. வயிற்றுக்கு ஓய்வு கொடுங்கள் என்று வைத்தியர் அண்ணன் தம்பி இருவரிடமும் சொல்லியிருந்தார். அண்ணன் சிரித்துவிட்டுப் போனார். சாத்தனுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

"உச்சிப்பொழுதிலிருந்து அந்தி வரைக்கும்தான் இனிச் சாப்பாடு. மற்ற நேரம் தண்ணீர்," என்று மனைவி வெண்ணியிடம் சொன்னான்.

முதல் நாள் உச்சி வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். மணி அடித்ததும், அந்த நாட்டில் பிறந்தவன் வேறென்ன செய்வான், ஐந்து இலையை வரிசையாகப் போட்டு ஐந்து வேளைச் சோற்றையும் உண்டான். அந்தி வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான்.

"சாப்பாட்டைக் குறைக்கிறேன் என்றீர்கள். விட்ட வேளையை வட்டியும் முதலுமாகக் கட்டிவிட்டீர்களே," என்றாள் வெண்ணி.

அதன்பின் அவன் அவசரப்படவில்லை. முதலில் இரவுச் சாப்பாட்டை மட்டும் விட்டான். அது பழகியதும் விடியல் சாப்பாட்டை விட்டான். அதுவும் பழகியதும் முற்பகல் சாப்பாட்டை விட்டான். தலை வலித்தது. காரணமில்லாமல் செக்குமாட்டைத் திட்டினான். ஆனால் பசி வந்தது, சற்று நின்றது, போய்விட்டது. அது தன்னைக் கொல்ல வரவில்லை என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

அதுவரை வெண்ணியின் இலையை மட்டும் பார்த்துவிட்டுப் போன காவலர் இலைகளை எண்ணத் தொடங்கியதும், அவள் தம்பி கூத்தன் பயந்துபோய் ஓடிவந்தான். "அத்தான், இலையில் கொஞ்சம் குழம்பைத் தடவி வாசலில் போட்டுவிடுங்கள். காவலன் என்ன நக்கியா பார்க்கப்போகிறான்?"

"நான் எதையும் திருடவில்லை, மறைப்பதற்கு," என்றான் சாத்தன். மறுநாள் விடியல் மணிக்கு ஒரு பச்சை இலையைக் கழுவி, வாசல் நடுவில் விரித்து வைத்தான்.

காவலன் குனிந்து பார்த்தான். "கழுவின மாதிரி இருக்கிறதே?"

"கழுவினதுதான். நான் சாப்பிடவில்லை."

அவனை, சட்டம் போட்ட அந்தப் பேரனாகிய அரசன் முன்னால் நிறுத்தினார்கள். அரியணையை விட்டு எழ அந்த அரசனுக்கே இரண்டு ஆள் தேவைப்பட்டது.

"வெற்று இலையைப் பார்த்தால் என் களஞ்சியம் காலி என்று ஊர் பேசும்," என்றான் அரசன். "உச்சி வரை இங்கேயே உட்கார். ஒரு கவளம் தொட்டாலும் உன் செக்கு எனக்கு, நீ நாட்டை விட்டு வெளியே. தொடாமல் இருந்துவிட்டால் உன் வழியில் போ." அப்படி ஒருவனால் இருக்க முடியும் என்று அவன் நம்பவில்லை.

நெய் ஒழுகும் பொங்கல் வந்தது. "இன்னும் நேரம் வரவில்லை, மன்னா," என்றான் சாத்தன்.

தேனில் ஊறிய அப்பம் வந்தது. "இன்னும் நேரம் வரவில்லை, மன்னா."

மூன்றாவதாக, அரசனே ஒரு கவளத்தை உருட்டி அவன் வாயருகே நீட்டினான். "என் கையையே மறுப்பாயா?"

சாத்தன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு அரசன் முகத்தைப் பார்த்தான்.

"இன்னும் நேரம் வரவில்லை, மன்னா."

"பசியை ஒழித்த என் பாட்டனை நீ அவமதிக்கிறாய்."

"பஞ்சத்தில் என் பாட்டனும் உண்ணாமல் கிடந்தான். சோறே இல்லாதவன் எதைப் பார்த்து வேண்டாம் என்று சொல்வான்? உங்கள் களஞ்சியம் நிறைந்திருப்பதால்தான் என்னால் சொல்ல முடிகிறது. என் இலையைக் கண்டு பயப்படுகிறவர்களை என்னிடம் அனுப்புங்கள். இதை நானே சொல்கிறேன்."

உச்சி மணி அடித்தது. சாத்தன் இரண்டு கையையும் நீட்டி அதே கவளத்தை வாங்கி, மெதுவாக மென்றான். வயிறு போதும் என்றதும் எழுந்துவிட்டான்.

"போ," என்றான் அரசன். "ஆனால் மணி நிற்காது."

"அடிக்கட்டும், மன்னா. எழுந்து வருவதும் வராததும் என் பாடு."

அரண்மனைப் படிகளில் எங்கும் நிற்காமல் இறங்கிப் போனான்.

பசிக்கு அஞ்சாமல் சிறிது சிறிதாகப் பழகி, யார் நீட்டினாலும் தன் நேரத்துக்குக் காத்திருக்கிறவனே தன் உடம்பைத் தான் ஆள்கிறான்.

அந்த ஊரில் மணி இன்றும் ஐந்து வேளை அடிக்கிறது.